சம்பந்திக்குக் கொடுத்த கை

டாக்டர் சென்னியப்பன் வாழ்க்கையில் செய்த பெரிய தவறுகளில் பாதி, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது செய்தவை. மகள் மிருதுளாவின் கல்யாணத்தன்றும் அப்படித்தான். அவருக்குப் பக்கத்து இலை சம்பந்தி நாச்சிமுத்துவுடையது. மாப்பிள்ளையைப் பெற்றவர் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பெண்ணைப் பெற்றவனுக்கு வயிற்றில் சோறு இறங்காது. ஏதாவது பேசலாம் என்று அவர் வாயெடுப்பதற்குள் சம்பந்தியே கேட்டுவிட்டார்.

"நீங்க என்னமோ நரம்பு ஆராய்ச்சின்னு சொன்னாங்க. என்னதுங்க அது?"

நாச்சிமுத்து திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருந்தார். முதலாளி ஆன பிறகும், கடைசி ராடைத் தன் கையால் மாட்டினால்தான் தண்ணீர் வரும் என்று நம்புகிறவர். அவருக்குப் புரியும்படி சொல்லவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சென்னியப்பன் ரசத்தை ஒதுக்கிவிட்டு ஆரம்பித்தார்.

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிக இருக்குதுங்க. பக்கத்துச் செல்லைப் புடிச்சுக்கறதுக்கு. அந்தப் பிடி இல்லீன்னா நீங்களும் நானும் இந்தப் பாயாசமாட்ட எலையில ஓடிக்கிட்டு இருப்போம்."

"ஆகா."

"நரம்பு வளர்றதும் கொக்கியாலதானுங்க. நுனி இருக்குதில்லீங்களா, அது முன்னால இருக்கறதைப் புடிக்கும், எக்கும், பின்னால விடும். மறுபடி புடிக்கும். தென்னை மரம் ஏர்றவன் ஏர்றதில்லீங்களா, அப்படி. அறுந்த நரம்பு ஏன் வளர்றதில்லைன்னா, அதுக்குப் புடிச்சு ஏர்றதுக்கு மரம் இல்லை. நான் நல்ல கொக்கியா ஒண்ணு செஞ்சிருக்கறேன். பக்கத்துல உசுரோட ஒரு நரம்பு இருந்தாப் போதும். அதைப் புடிச்சு ஏறிக்கும்."

"அப்ப அறுந்துபோன கையையும் ஒட்டீருவீங்க."

"எதை வேணுமானாலும் ஒட்டலாமுங்க" என்றார் சென்னியப்பன்.

அந்த நேரம் பார்த்து இலைக்கு இரண்டாவது ஜிலேபி வந்தது. ஜிலேபியைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் சொல்லும் வார்த்தையை நீதிமன்றம்கூட ஏற்காது. சம்பந்தி வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை உறம்பரையும், உறவுக்காரர்கள் எல்லோரும், அதற்குச் சாட்சி.

அடுத்த வருடம் நாமக்கல் பக்கம் ஒரு தோட்டத்தில் ராடு நழுவி நாச்சிமுத்துவின் வலது கையை முறுக்கிப் போட்டது. எலும்பை எலும்பு டாக்டர் சேர்த்துவிட்டார். முன்னங்கையில் நரம்புதான் பிய்ந்துபோயிருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே அந்தக் கை, யாரோ மறந்து விட்டுப்போன கையுறை மாதிரி தொங்கியது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடிய உறவுக் கூட்டம் அழுது முடித்ததும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தது.

"நம்ம சம்பந்திதான் எதை வேணாலும் ஒட்டுவாரல்லோ?" என்றார் நாச்சிமுத்துவின் அக்கா.

"அது எலிக்குத்தானுங்க செஞ்சிருக்குது" என்றார் சென்னியப்பன்.

"எலிக்கே செஞ்சவரு சம்பந்திக்குச் செய்ய மாட்டாரா?"

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு விஞ்ஞானம் இன்னும் வளரவில்லை.

எலிகளுக்குச் செய்தது இதுதான். காலில் நரம்பு அறுந்த எலி ஒன்று, நல்ல எலி ஒன்று. இரண்டின் கால்களையும் திறந்து, நரம்பைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, கொக்கிப் புரதத்தைத் தடவிச் சேர்த்துத் தைத்துவிட வேண்டும். அறுந்த நரம்பு, அவரைக்கொடி பந்தல் காலைப் பிடிப்பதுபோல நல்ல நரம்பைப் பிடித்து வளர்ந்து தன் பாதத்தைத் தேடிப் போகும். சில வாரம் கழித்துப் பிரித்துவிட்டால் இரண்டு எலியும் நடக்கும். எலிகளிடம் ஒரு நல்ல குணம், வலித்தால் கத்தும். கால் மரத்தால் பக்கத்து எலியைக் கடித்துவைக்கும். ஒரு எலி இன்னொரு எலியின் மனம் நோகுமே என்று எதையும் மறைத்ததாகச் செய்தி இல்லை. அந்த ஆராய்ச்சி வெற்றி பெற்றதில் இந்தக் குணத்துக்கு எவ்வளவு பங்கு என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

சென்னியப்பனின் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநருக்கு உலகத்திலேயே முதல் முறையாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருந்ததால் அனுமதி எல்லாம் மளமளவென்று வந்தது. துணைக்கு ஓர் ஆள்தான் வேண்டும். ரத்தமும் சதையும் ஒத்துப்போகிற ஆள். மாப்பிள்ளை இளங்கதிர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதலில் வந்தான். ஒத்துப்போகவில்லை. பங்காளிகள் வந்தார்கள். ஒத்துப்போகவில்லை. சபையில் சும்மா நிற்கக்கூடாதே என்று சென்னியப்பனும் ஒரு குப்பி ரத்தம் கொடுத்தார்.

மறுநாள் டாக்டர் ரெஜினா அவர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவருடன் பல வருடமாக வேலை செய்யும் அறுவை நிபுணர். நாகர்கோவில்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"சார், நீங்கதான்."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தரம் பாத்தாச்சு. ஒரு வயித்துப் பிள்ளைய மாதிரி இருக்கிய ரெண்டு பேரும்."

சென்னியப்பன் தன் இடது கையைப் பார்த்தார். அவர் இடது கைக்காரர். பேனா, பிப்பெட், நுண்ணோக்கியின் திருகு எல்லாம் அந்தக் கைக்குத்தான் தெரியும். வலது கை சோறு தின்னவும் பெரியவர்களைக் கும்பிடவும் மட்டும் பழக்கப்பட்டது. நாச்சிமுத்துவுக்குப் போனது வலது கை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் படுத்தால் ஒருவரின் வலதோடு இன்னொருவரின் இடதுதான் சேரும். இதில் சம்பந்தியின் அக்காவுக்கு மட்டும் ஒரு மனக்குறை.

"மாப்பிள்ளை ஊட்டுக்குப் பீச்சாங்கையையா குடுப்பாங்க?"

அறுவை முடிந்து விழித்தபோது இரண்டு முன்னங்கைகளும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சேர்த்துத் தைக்கப்பட்டு ஒரே உறைக்குள் இருந்தன. உறைக்கு வெளியே இரண்டு உள்ளங்கைகளும் அடுத்தடுத்துக் கிடந்தன. ஆறு வாரத்துக்கு இப்படித்தான் என்றாள் ரெஜினா. இரண்டு பேருக்கும் ஒரே அகலக் கட்டில், ஒரே ஜன்னல், ஒரே மின்விசிறி. ஒருவருக்குக் காற்று வேண்டும், மற்றவருக்கு ஆகாது. யாருக்கு எது என்று இருவரும் சொல்லவில்லை.

முதல் நாள் காலையில் இருவரும் வெகுநேரம் அசையாமல் படுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் கழிப்பறை அவசரம். மாப்பிள்ளையைப் பெற்றவரை எழுப்பிப் பொடக்காலிக்கு இழுத்துக்கொண்டு போவது எந்த ஊர் முறை என்று ஒருவருக்குத் தயக்கம். பெண் கொடுத்தவரை அந்த இடத்துக்குக் கூப்பிடுவதா என்று மற்றவருக்கு. நர்ஸ் வந்து கேட்டதும் இரண்டு பேரும் ஒரே குரலில், "அவருக்கு வேணுமான்னு கேளுங்க" என்றார்கள்.

தனியாக ஒரு பெருமூச்சு விட முடியாது. விட்டால், "என்னாச்சுங்க சம்பந்தி?" என்று பக்கத்திலிருந்து குரல் வரும். புரண்டு படுக்க இரண்டு பேரின் சம்மதம் வேண்டும். சென்னியப்பன் ஜன்னலருகே போய் நிற்க ஆசைப்படுவார். அதைச் சொன்னால் நாச்சிமுத்துவும் எழுந்து வரவேண்டும், பாவம். ஆகவே ஆசைப்பட்டுக்கொண்டு படுத்திருப்பார். தன் உடம்பே ஒரு லாட்ஜ் அறையாகி, அதில் மரியாதைப்பட்ட விருந்தாளி ஒருவர் தங்கியிருப்பது போலவும், அவர் எப்போது கிளம்புவார் என்று கேட்க முடியாதது போலவும் இருந்தது. நாச்சிமுத்து நல்ல விருந்தாளி. அதுதான் இன்னும் கஷ்டம்.

சாப்பாட்டில்தான் பெரிய சிக்கல் வந்தது. நாச்சிமுத்துவின் வலது கை ஒட்டியிருந்தது. மீதமிருந்தது இடது. தட்டு வந்ததும் "பசியில்லீங்க" என்றார். ராத்திரியும் பசியில்லை. அடுத்த நாளும் பசியில்லை. அவர் வயிறு மட்டும் உண்மையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்பூன் கொண்டுவந்தார்கள். ஸ்பூனைப் பிடிப்பதும் அதே கைதானே என்றார்.

சென்னியப்பன் யோசித்துப் பார்த்துவிட்டுத் தன் வலது கையால் இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, சம்பந்தியின் வாயருகே நீட்டினார். மகளுக்கு ஊட்டிய பிறகு அவர் யாருக்கும் ஊட்டியதில்லை. நாச்சிமுத்து ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையைப் போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"காரமாட்ட இருக்குதுங்க" என்றார், மென்றுகொண்டே. கண்ணில் வந்த தண்ணீருக்குக் காரணம் சொல்லியாக வேண்டுமே.

தினமும் காலையில் ரெஜினா வந்து, "ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்பாள். மரத்துப்போனாலும் குறுகுறுத்தாலும் உடனே சொல்லவேண்டும் என்பது சென்னியப்பன் தானே வகுத்த விதி. இரண்டாவது வாரம் அவருடைய இடது சுண்டுவிரல் மரத்தது. அப்புறம் மோதிர விரல். சொன்னால் ரெஜினா அன்றைக்கே பிரித்துவிடுவாள். சம்பந்தியின் கை அதோடு போச்சு. நாளைக்கு மிருதுளா அந்த வீட்டில் எந்த முகத்தோடு காபி கொடுப்பாள்?

"ஒண்ணுமில்லம்மா" என்றார் சென்னியப்பன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் நாச்சிமுத்து.

ஒருநாள் மத்தியானம், படித்துக்கொண்டிருந்த தாள்கள் சென்னியப்பனின் மடியிலிருந்து சரிந்தன. பழக்க தோஷத்தில் இடது கையால் எட்டிப் பிடிக்கப் பார்த்தார். அவர் கை அசையவில்லை. அதற்குப் பக்கத்தில் கிடந்த நாச்சிமுத்துவின் கை படக்கென்று மூடித் திறந்தது.

நர்ஸ் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவே உள்ளே வந்தது. அக்கா அங்கேயே நின்று குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொண்டார். மிருதுளா அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். இளங்கதிர் மாமனாரின் காலைத் தொடக் குனிந்தான்.

சென்னியப்பன் மட்டும் உள்ளுக்குள் ஒரு சோதனை செய்தார். தன் இடது ஆள்காட்டி விரலை மடக்குவதாக நினைத்தார். சம்பந்தியின் ஆள்காட்டி விரல் மடங்கியது. கட்டை விரலை நினைத்தார். சம்பந்தியின் கட்டை விரல் எழுந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கொடி பந்தல் காலைப் பிடித்து ஏறவில்லை. பந்தல் கால் கொடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அறுந்த நரம்பு அறுந்தபடியே கிடக்க, கொக்கியின் பிடி தாங்காமல் அவருடைய நல்ல நரம்பு இடம் மாறி, சம்பந்தியின் கைக்குக் குடிபோயிருந்தது.

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் கிடா நேர்ந்தாகிவிட்டது. இத்தனை பேர் முகத்திலும் இருந்த வெளிச்சத்தை எந்த வாயால் ஊதி அணைப்பது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்.

மறுநாள் இயக்குநர் பொன்னாடையோடு வந்தார். நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப மடக்கறேன் பாருங்க" என்றார். சென்னியப்பன் மடக்கினார். "இப்பத் தூக்கறேன் பாருங்க." சென்னியப்பன் தூக்கினார். இயக்குநர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே நிலையத்தின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். குலுக்கிய கை நாச்சிமுத்துவுடையது. வலித்தது சென்னியப்பனுக்கு. முகத்தில் காட்டாமல் புன்னகைத்தார்.

பாவம் சம்பந்தி, செய்யப்போவதை எல்லாம் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாரே, அதுவரை நல்லது என்று நினைத்துக்கொண்டார். மனிதருக்குக் கை திரும்பிய பெருமை. சொல்லிவிட்டுச் செய்கிறார். அவர் சொல்லச் சொல்ல இவர் ஆட்டிக்கொண்டிருந்தால், இதற்குள் அவருடைய நரம்பும் மெல்ல விழித்துக்கொள்ளாதா? தான் எழுதிய கட்டுரைகள் எதிலும் இல்லாத அதிசயத்தை அவர் நம்பத் தொடங்கினார்.

நாலாவது வாரக் கடைசியில் ரெஜினா இரண்டு கைகளிலும் மின்முனைகளை ஒட்டிச் சோதித்துப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். திரும்ப ஒட்டினாள். நர்ஸை வெளியே போகச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவரு கையை ஆட்டுறது இவரு இல்ல. நீங்க சார். உங்களுக்கு இது தெரியும், என்ன?"



"தெரியும்" என்றார் சென்னியப்பன்.

"தெரியுமுங்க" என்றார் நாச்சிமுத்து, அதே நொடியில்.

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கா?"

"என்ற கையி எனக்குத் தெரியாதுங்களா? அன்னைக்கு அது ஆடுனப்பவே நான் ஆட்டலைன்னு தெரியும். ஒறம்பரை முன்னால நீங்க அசிங்கப்பட்டரக் கூடாதுன்னுதான், நீங்க சுதாரிச்சுக்கறதுக்கு, மடக்கறேன் தூக்கறேன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

ரெஜினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மொத நாளே சொல்லியிருந்தா பிரிச்சு விட்டிருப்பேன். சார் கைக்குச் சேதம் இருந்திருக்காது, ஐயா கைக்கு மறுபடி பாத்திருக்கலாம். கொக்கி இப்ப இறுகியாச்சு. இருக்கறது ஒரு நரம்பு, கை ரெண்டு. இந்தப் பக்கம் வெட்டினா நரம்பு சாரோட வரும். சார் கை பிழைச்சுக்கும், ஐயா கை போயிரும். அந்தப் பக்கம் வெட்டினா நரம்பு ஐயாவுக்கு. நல்ல நரம்பாச்சே, அவரு நரம்பு அதுல போய் சேந்துக்கிடும். சார் கை போயிரும்."

"வெட்டாமலே இருந்தா?"

"ரெண்டு உடம்புக்கு நடுவுல இழுபட்டுக்கிட்டு எத்தனை நாள் சார் இருக்கும்? இந்த வாரம் தாண்டினா செத்துரும். அப்ப ரெண்டு கையும் போச்சு. எந்தக் கைன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ஒரே பதிலாச் சொல்லணும். நான் முடிவு பண்ண மாட்டேன்."

அவள் போய்விட்டாள். இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னியப்பனுக்குத் தன் இடது கை வேண்டும். எப்படியென்றால், மூச்சு முட்டுகிறவனுக்குக் காற்று வேண்டியிருப்பதுபோல வேண்டும். அந்தக் கை இல்லாத சென்னியப்பன் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஜிலேபியைப் பார்த்துக்கொண்டு வாக்குக் கொடுத்தவர் அவர். கொக்கி அவருடையது. பெண்ணைக் கொடுத்தவரும் அவர். வாய் தானாகத் திறந்தது.

"நீங்களே வெச்சுக்கங்க சம்பந்தி."

"அய்யோ, நல்லாச் சொன்னீங்க போங்க. உங்க நரம்புங்க அது."

சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. தெம்பாக இரண்டாம் தரம் சொன்னார். "எனக்கென்னங்க, எழுதறதுக்கு இன்னொரு கையைப் பழக்கிக்குவேன். நீங்க ரிக்குல நிக்கோணும். வெச்சுக்கங்க."

"வேண்டாமுங்க. பசங்க பாத்துக்குவாங்க."

கல்யாணத்தில் சீர் கொடுத்தபோதும் இப்படித்தான். இரண்டு தரம் வேண்டாம் என்பது மாப்பிள்ளை வீட்டுப் பெருந்தன்மை, மூன்றாம் தரம் சொல்வது பெண் வீட்டு முறை. மூன்றாம் தரம் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அது வெள்ளித் தட்டு, பட்டு வேட்டி. கையை எவன் வாங்குவான்? முறைக்கு ஒரு தரம் சொல்லி முடித்துவிட்டால் தன் மனசாட்சியும் குளிர்ந்துவிடும் என்று சென்னியப்பன் கணக்குப் போட்டார். கொடுக்கிறவன் பொருளைப் பார்த்துக்கொண்டு கொடுத்தால் அற்பத்தனமாக இருக்கும். ஆகவே சம்பந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, குரல் தழுதழுக்கச் சொன்னார்.

"மறுக்காதீங்க. என்ற மனசாரச் சொல்றேன். அந்தக் கை உங்களுக்குத்தான்."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆகட்டுங்க. நீங்க இவ்வளவு சொன்ன பொறவு வேண்டாங்கறது மரியாதை இல்லீங்க."

"ரொம்ப சந்தோசமுங்க" என்றது சென்னியப்பனின் வாய்.

அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதுவரை இருந்த பொழுதெல்லாம் அவர் ஒரு பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியைச் செய்தது, ஆணி அடித்தது, உள்ளே ஏறிப் படுத்தது எல்லாம் அவரே. மாட்டேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய ஆள் அவருக்கு ஒரு சாண் தூரத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சொல்லத்தான் வழியில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா? அதுவும் சம்பந்தியிடமா?

மிருதுளா வந்தாள். மாமனாருக்குக் கேட்காத குரலில் பேசலாம் என்றால் அதற்கும் வசதியில்லை. எனவே அவள் எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டாள்.

"ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க?"

"இதுல என்னம்மா இருக்குது?"

"இதுல உங்க கை இருக்குதுப்பா." அவள் மாமனாரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். ஒரு பக்கம் அப்பாவின் கை, இன்னொரு பக்கம் மாமாவின் கை. எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கம் வெட்டும். வாயை மூடிக்கொண்டாள்.

"உங்கப்பா வாக்குக் குடுத்துட்டாரம்மிணி" என்றார் நாச்சிமுத்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இட்லி ஊட்டினேனே, அதை நினைத்துப் பார்த்தாரா இந்த மனிதர்? அன்றைக்குத் தட்டு வந்தபோது ஒரே ஒரு வேளை, காரச் சட்னியை வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகத் தோய்த்து ஊட்டினார். அதற்கு மேல் பழிவாங்க அவருக்குத் தெரியவில்லை. நாச்சிமுத்து ஒன்றும் சொல்லாமல் தின்று, தண்ணீர் கேட்டார். தண்ணீரையும் இவரே ஊட்டினார்.

அறுவை அரங்கில் சென்னியப்பனுக்குத்தான் முதலில் மயக்க மருந்து கொடுத்தார்கள். கடைசியாகத் தன் இடது கையைப் பார்த்தார். அதை விரித்து மூட நினைத்தார். பக்கத்துக் கை விரிந்து மூடியது.

விழித்தபோது இடது கை எரிந்தது. மிளகாய்ச் சாந்தை அரைத்துப் பூசியதுபோல விரல் நுனிவரை எரிந்தது. நரம்பை வெட்டிக் கொடுத்த கைக்கு எரிச்சல் ஏது? கட்டை விரலை நினைத்தார். கட்டுக்கு வெளியே அது, நிஜமாகவே அவருடைய கட்டை விரல், கொஞ்சம் அசைந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. பச்சைக் குழந்தையின் சந்தோஷம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. அப்படியென்றால் அந்தக் கை?

பக்கத்தில் இப்போது தனிக் கட்டில். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்க இடம் இருந்தது. அந்தக் கட்டிலில் நாச்சிமுத்து மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய வலது கை பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. யாரோ எடுத்து வைத்த மாதிரிதான் இருந்தது.

"தப்பாப் போச்சா?" என்று சென்னியப்பன் கத்தினார். "ரெஜினா, பக்கம் மாத்தி வெட்டிட்டியா?"

ரெஜினா சொட்டு மருந்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "குடுக்கறதுக்கு நீங்க இருந்திய. வாங்கறதுக்கு ஆள் இல்ல சார். நீங்க மயங்கின பொறவு ஐயா வேண்டாம்னுட்டாரு. அவரு வேண்டாங்கறதை நான் எப்படி அவரு உடம்புல வைக்க?" என்றவள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சென்னியப்பன் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை.

"ஆகட்டும்னு சொன்னீங்களே சம்பந்தி."

"சொன்னேனுங்க. நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லியிருந்தா நீங்க நாலாந்தரம் கேப்பீங்க, அஞ்சாந்தரம் கேப்பீங்க. நாம ரெண்டு பேரும் இப்படியே மரியாதை பேசிக்கிட்டிருந்தா வாரம் முடிஞ்சிரும். ரெண்டு கையும் போயிரும்."

"நான் மனசாரத்தானுங்க குடுத்தேன்." சொல்லும்போதே அவருடைய காது சுட்டது.

நாச்சிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"மனசாரத்தான் குடுத்தீங்க. எனக்குத் தெரியாதுங்களா? ஆனா மூணாந்தரம் நீங்க சொன்னப்ப நான் கீழ குனிஞ்சு பாத்தேன். என்ற கையி பெட்சீட்டை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னுது. நகமெல்லாம் வெளுத்துப் போச்சு. நான் புடிக்கலீங்க. எனக்கு அந்தக் கை இருக்கறதே தெரியாது." கொஞ்சம் நிறுத்தினார். "கெணத்துல உழுகறவன் கயித்தைப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. அதைப் பாத்துப்போட்டு எப்படிங்க வாங்கறது?"

சென்னியப்பன் வாழ்நாளெல்லாம் கைவசம் வைத்திருந்த அத்தனை மரியாதை வார்த்தைகளையும் தேடிப் பார்த்தார். ஒன்றுகூட இதற்கு அளவாக இல்லை. வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. நாசூக்கெல்லாம் இல்லாத, மூக்கொழுகும் அழுகை.

"அட, அழுவாதீங்க சம்பந்தி. வெளியில ஒறம்பரை நிக்குது."

அதற்கும் அடங்கவில்லை. நாச்சிமுத்து அவரை அழவிட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். ராசிபுரம் பக்கம் ஒரு காட்டில் போர்வெல் போடப் பாயிண்ட் பார்த்து வைத்திருக்கிறதாம். பாறை கெட்டியாம். இனி ராடு மாட்டுகிற வேலையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணப் போகிறாராம். எப்படியும் வயதாகிவிட்டதாம்.

சென்னியப்பன் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து இடது கையை நடு இடைவெளியில் நீட்டினார். எரிச்சல் தோள்வரை ஏறியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே சொன்ன பேச்சைக் கேட்டன. அந்த இரண்டு விரலால் சம்பந்தியின் வலது கையைப் பிடித்துக்கொண்டார். அது கதகதப்பாக இருந்தது.

நாச்சிமுத்து கூரையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார். தன் கையை ஒருவர் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. சென்னியப்பனும் சொல்லவில்லை.